எவடம் என்று கேட்காத ஊர்

ஜேர்மனியில் நான் முழுதாக விளங்கிக்கொண்ட முதல் ஜேர்மன் வசனம், ‘இந்தப் பழங்களை வாங்காதீர்கள்’ என்பது. அதற்கு முன் ‘இல்லை’, ‘நாளைக்கு வா’, ‘கடதாசி எங்கே’ என்ற அளவில்தான் எனக்கும் அந்த மொழிக்கும் உறவு. ஹனோவரிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரப் பயணத்தில் இருந்த சின்ன நகரம் அது. சனிக்கிழமை காலையில் சந்தை கூடும். தேவாலயச் சுவரோடு ஒட்டி ஒரு மடக்கு மேசை, மழைச்சட்டை போட்ட சில பெண்கள், துண்டுப்பிரசுரங்கள், சிவப்புக் கோட்டால் குறுக்கே வெட்டிய ஒரு தோடம்பழத்தின், ஆரஞ்சின், படம். தென்னாபிரிக்காவிலிருந்து வரும் பழத்தை வாங்கினால் அங்கே நிறம் பார்த்து மனிதரைப் பிரிக்கிற ஆட்சிக்குக் காசு கொடுத்ததாகும், வாங்காதீர்கள் என்று போவோர் வருவோரிடம் சொல்வதுதான் அவர்களுடைய வேலை.

எனக்கு வேலை எதுவும் இல்லை. எண்பத்தைந்தில் கிழக்கு பேர்லினில் இறங்கி, அங்கிருந்து மேற்குக்கு ரயிலேறி, ‘நீ இங்கே, நீ அங்கே’ என்று பிரித்து அனுப்பப்பட்ட கூட்டத்தில் நானும் ஒருவன். உயர்தரத்தில் கணிதம் படித்து, பல்கலைக்கழகம் கிடைக்குமா என்று காத்திருந்தபோது ஊர் எரியத் தொடங்கியது. இங்கே வந்தால், வேலை செய்யக் கூடாது, படிக்கக் கூடாது, மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. இருபது வயதுக்காரனைப் பிடித்துச் சும்மா இரு என்று விட்டால் அவன் எதையாவது போட்டு உடைப்பான், அல்லது எதையாவது படிப்பான். நான் அந்த மேசையில் இருந்ததையெல்லாம் படித்தேன்.

மேசைக்குப் பொறுப்பாக இருந்தவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. எங்கள் ஹைமில் அவருக்குப் பெயர் ‘பழக்கார அம்மா’. பழம் வாங்காதே என்று சொல்கிறவருக்குப் பழக்கார அம்மா என்று பெயர் வைக்க எங்கள் ஆட்களால்தான் முடியும். ஹைம் என்பது நாங்கள் இருந்த அகதி விடுதி. நகரத்துக்கு வெளியே பழைய சாராயக்கடை ஒன்று. ஒரு காலத்தில் ஆட்டம் ஆடிய மண்டபத்தை அலுமாரிகளை நிறுத்தி அறைகளாகப் பிரித்திருந்தார்கள். பின்பக்கம் சமைக்க ஒரு பெரிய குசினி. கீழ்த்தளத்தில் கானாக்காரரும் எரித்திரியரும். மேல்தளம் முழுக்க நாங்கள்.

நாங்கள் கூட்டுச் சமையல். சமைத்தவன் என் கூட்டாளி. பேர்லினில் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன். குளிரில் நடுங்கிய எனக்குத் தன்னுடைய சால்வையில் பாதியைத் திரும்பிக்கூடப் பாராமல் நீட்டியவன். ஒரே இடத்துக்கு அனுப்பினார்கள், ஒரே இரட்டைக் கட்டிலில் மேலும் கீழுமாகப் படுத்தோம். என்னைவிட இரண்டொரு வயது மூத்தவன், சுருள் தலைமயிர், கதை குறைவு, பகிடி கூட. உள்ள வெங்காயத்தையும் ஜேர்மன் மிளகாய்த் தூளையும் வைத்து, ஊர்ச் சமையல் என்று எங்களை நம்ப வைக்கத் தெரிந்தவன். ஊரைப் பற்றி அவன் கதைப்பதில்லை. நானும் கேட்பதில்லை. எனக்குத்தான் உலகம் முழுவதையும் பற்றிக் கதைக்க இருந்ததே.

“ஒரு பிள்ளை பிறந்தவுடன பதிவுக்காரன் முடிவெடுக்கிறான் அண்ணை. வெள்ளையோ, கறுப்போ, கலப்போ, இந்தியனோ எண்டு. பிறகு எந்தத் தெருவில இருக்கலாம், எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கடற்கரை, ஆரைக் கட்டலாம், செத்தால் எங்க புதைக்கிறது, எல்லாம் அதின்ரபடிதான்.” சனிக்கிழமை படித்ததை ஞாயிற்றுக்கிழமை குசினியில் ஒப்புவிப்பேன்.

“அப்ப கறுப்பெண்டு எப்பிடிப் பிடிக்கிறாங்கள்? இஞ்ச பார், நானும் கறுப்பு, நீயும் கறுப்பு,” என்றார் கடைக்கார அண்ணை. ஊரில் புடவைக்கடை வைத்திருந்தவர், எங்கள் மேல்தளத்தின் வாய்.

“சந்தேகம் எண்டால் தலைமயிருக்குள்ள பென்சில் செருகிப் பாப்பினம். விழுந்தால் ஒரு பக்கம், நிண்டால் மற்றப் பக்கம்.”

“விசர்க் கதை.”

“உண்மை அண்ணை. படத்தோட இருக்கு.”

அடுத்த நிமிடம் குசினிக்குள் ஒரு பென்சில் வந்துவிட்டது. ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். கடைக்கார அண்ணையின் தலையிலிருந்து பென்சில் நேரே பருப்புச் சட்டிக்குள் விழுந்தது. “நான் வெள்ளை! தூரப் போங்கோடா!” என்று அவர் கத்தினார். எனக்கும் விழுந்தது. எல்லோருக்கும் விழுந்தது. என் கூட்டாளியின் சுருளில் மட்டும் பென்சில் நிமிர்ந்து நின்றது. அவன் அதை எடுக்கவில்லை. தலையில் பென்சிலோடேயே அகப்பையால் பருப்பைக் கிண்டி, “வெள்ளைக்காரத் துரைமார் எல்லாரும் வரிசையில நில்லுங்கோ. கறுப்பன் கையால சாப்பாடு. வேண்டாதவை போகலாம்,” என்றான். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு நொந்தது.

அந்தச் சிரிப்பை நான் அடிக்கடி நினைக்கிறேன். அப்போது அவன் யாரென்று எங்களில் எவருக்கும் தெரியாது.

அடுத்த இளவேனிலில் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தார். ஐம்பது வயதிருக்கும். கிராமசபைக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். மூத்த மகனை ஆமி பிடித்துக்கொண்டு போய் இன்னும் தகவல் இல்லை. கூனிய தோளோடு, சூட்கேசை மடியில் வைத்தபடியே முதல் நாள் முழுவதும் இருந்தார். என் கூட்டாளிதான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தான். இரண்டாம் நாள் கிளாக்கர் அண்ணைக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. கேட்கத் தொடங்கினார்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. முதலில் எந்த ஊர் என்று கேட்பார்கள். ஊரைச் சொன்னால், ஊரில் எவடம். அதைச் சொன்னால் எந்தக் கோயிலடி, எந்தப் பள்ளிக்கூடம், ஆரின்ர மகன். அன்பாகத்தான் கேட்பார்கள், தேத்தண்ணி குடித்துக்கொண்டுதான் கேட்பார்கள். நாலாவது கேள்வியில் உங்களை எந்த வாசலுக்குள் விடலாம், எந்த வாசலோடு நிறுத்தலாம் என்று முடிவாகியிருக்கும். பென்சில் தேவையில்லை.

“தம்பி எந்த ஊர்?”

“யாழ்ப்பாணம் ரவுண் பக்கம்,” என்றான் என் கூட்டாளி.

“ரவுணில எவடம்?”

“ரவுணுக்கு வெளியால.”

“வெளியால எண்டால் எவடம் எண்டு சொல்லுமன். நான் உந்தப் பக்கமெல்லாம் வேலை செய்தனான். கோயிலடியோ, குளத்தடியோ?”

அவன் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தான். “குளத்தடி,” என்றான்.

“கொப்பர் ஆர்?”

“செத்திட்டார்.”

“அதில்லைத் தம்பி, ஆர் எண்டு கேக்கிறன்.”

அவன் அடுத்த வெங்காயத்தை எடுத்து வெட்டத் தொடங்கினான். கிளாக்கர் அண்ணையும் திரும்பக் கேட்கவில்லை. பேணியில் மிச்சமிருந்த தேத்தண்ணியைக் குடிக்காமல் மேசையில் வைத்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்தது, என்ன என்று உடனே பிடிபடவில்லை. பிடிபட்டபோது காது சுட்டது.

அடுத்த கிழமை குசினியில் இரண்டாவது சட்டி ஒன்று முளைத்தது. கிளாக்கர் அண்ணைக்கு வயிறு சரியில்லையாம், உறைப்பு ஒத்துக்கொள்ளாதாம், தனக்குத் தானே ஏதாவது செய்துகொள்கிறாராம். எட்டிப் பார்த்தால் அந்தச் சட்டியில் எங்களுடையதைவிடச் சிவப்பாக ஒரு குழம்பு கொதிக்கிறது. பிறகு இன்னொருவருக்கும் வயிறு சரியில்லாமல் போனது. பிறகு அவருடைய அறைக்காரருக்கு. கண்காணாத ஒரு தொற்றுநோய் மேல்தளத்தில் பரவியது போல இருந்தது. பேணிகள் வைக்கும் தட்டு இரண்டாகப் பிரிந்தது. மேல்தட்டில் இருந்தவற்றை யாரோ கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தார்கள். ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கடைக்கார அண்ணை மட்டும் இரண்டு பக்கமும் சாப்பிட்டார். “என்ர வயிறு ஐ.நா. சபையடாப்பா, ஆரையும் பகைக்க ஏலாது,” என்றார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. கூட்டம் வைக்கப் போகிறேன் என்றேன். கீழ்க்கட்டிலில் இருந்து அவன் என் கையைப் பிடித்தான்.

“என்ன சொல்லப் போறாய்?”

“இது அநியாயம் எண்டு.”

“எது?”

“நடக்கிறது.”

“என்ன நடக்குது எண்டு நீ சொல்லோணும் எல்லே. சொன்னால் என்ன சொல்லுவாய்? இவன் இன்ன ஆள், இவனை இப்பிடிச் செய்யாதையுங்கோ எண்டுதானே? அரைவாசிப் பேருக்கு இப்பவும் சந்தேகம் மட்டுந்தான் மச்சான். நீ வாய் திறந்தால் நான் முடிஞ்சன்.” என் கையை விட்டுவிட்டுச் சொன்னான்: “குண்டுக்குப் பயந்து மட்டும் நான் வரேல்லை. அங்க எங்கட ஐயாவுக்குத் தேத்தண்ணிக் கடையில வேற பேணி. ஆணியில கொழுவியிருக்கும். ஒருத்தருக்கும் என்னைத் தெரியாத இடம் ஒண்டு வேணும் எண்டுதான் இவ்வளவு தூரம் வந்தனான்.”

மேசையிலிருந்து எடுத்து நான் வாசித்த சிறுபுத்தகங்கள் எதிலும் இதற்கு வழி இருக்கவில்லை. அங்கே எல்லாம் பலகையில் எழுதியிருந்தது. பூங்காவில் உட்காரும் இந்த வாங்கு வெள்ளையருக்கு, இந்த வாசல் மற்றவருக்கு. பலகையைப் படம் எடுக்கலாம், மேசையில் வைக்கலாம், கல்லால் எறிந்து உடைக்கலாம். சட்டத்துக்கு இலக்கம் உண்டு, ஆகவே அந்தச் சட்டத்தை எடு என்று கத்தலாம். எங்கள் ஊரிலும் சட்டம் ஒன்று இருந்ததுதான். ஆனால் அது பிரிக்கக் கூடாது என்று சொல்கிற சட்டம். அதை யாரிடம் போய் எடுக்கச் சொல்வது?

அவன் பெயரை இழுக்காமல் ஒரு கூட்டம் வைத்துப் பார்த்தேன். ஏன் இரண்டு சட்டி, காசும் குளிரும் எல்லோருக்கும் ஒன்றுதானே, பழையபடி சேர்ந்து சமைப்போம் என்றேன். எல்லோரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

“தம்பி,” என்றார் கிளாக்கர் அண்ணை, குரலை உயர்த்தாமல். “நாங்கள் என்ன தென்னாபிரிக்காக்காரரே? உமக்கு உறைப்பு வேணும், எனக்கு வேண்டாம். இதுக்குள்ள ஏன் பெரிய கதை?”

“அப்ப உங்கட குழம்பு ஏன் அவ்வளவு சிவப்பு?”

“அது தக்காளி,” என்றார். கடைக்கார அண்ணை கெக்கட்டம் விட்டுச் சிரித்தார். கூட்டம் அவ்வளவோடு முடிந்தது.

அவரை ஒரு கெட்ட மனிதர் என்று எழுதிவிட்டுப் போக எனக்கு ஆசைதான். ஆனால் அந்தக் கோடையில் அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னோடு மேசைக்கு வந்தார். இரவல் கோட்டைப் போட்டு, தெரிந்த இரண்டு ஜேர்மன் சொற்களை வைத்துக்கொண்டு, கொட்டும் மழையில் துண்டுப்பிரசுரம் நீட்டினார். பொலிஸ் சுட்டு இறந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளின் படங்கள் மேசையில் இருந்தன. அவற்றை அவர் ஒரு துணியால் துடைப்பார், மழை படாமல் உள்ளே தள்ளி வைப்பார். ஒரு நாள் ஒரு பையனின் படத்தைப் பார்த்தபடியே நின்று, “என்ர மூத்தவனின்ர வயசு,” என்று சொல்லி அழுதார். பழக்கார அம்மா அவருடைய தோளைத் தடவிவிட்டார். அந்த அழுகை பொய்யில்லை. திரும்பி வந்து தன்னுடைய பேணியைக் கீழ்த்தட்டிலிருந்தவற்றோடு முட்டாமல் மேலே வைத்ததும் பொய்யில்லை. இரண்டையும் ஒரே கைதான் செய்தது. நான் இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இலையுதிர் காலத்தில், ஹனோவரில் படித்துக்கொண்டிருந்த ஒரு தென்னாபிரிக்க மாணவர் தேவாலய மண்டபத்தில் பேச வந்தார். டேர்பன்காரர், வம்சத்தால் தமிழர். பேச்சு முடிய ஹைமில் சாப்பாடு என்று பழக்கார அம்மா ஒழுங்கு செய்துவிட்டார். சமைப்பது யார்? அவருக்குத் தெரிந்த ஒரே சமையல்காரன் என் கூட்டாளிதான். அன்றைக்குக் குசினியில் ஒரு சட்டி. போதகர் வந்தார், உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் கமராவோடு வந்தார். விருந்தாளி சோற்றைக் கையால் பிசைந்து வாயில் வைத்து, கண்ணை மூடி, “அம்மா!” என்றார். குசினியே கைதட்டியது. பிறகு என்ன, கிளாக்கர் அண்ணையின் பீங்கானிலும் என் கூட்டாளி சோறு போட்டான். கமரா பார்த்துக்கொண்டிருந்தது. அவர் சாப்பிட்டார். இரண்டாம் தரமும் வாங்கினார்.

அந்த மாணவருக்குத் தமிழ் கொஞ்சம்தான். ‘ஆமா’ என்பார், ‘சோறு’ என்பார், பிறகு ஆங்கிலத்துக்குத் தாவுவார். தங்கள் வீடு இருந்த தெருவை வெள்ளையருக்கென்று அறிவித்ததும், தகப்பன் கையால் நட்ட மாமரத்தோடு வீட்டை இடித்ததும், பத்து மைல் தள்ளி இந்தியருக்கென்று ஒதுக்கிய மேட்டில் குடியேற்றியதும், இப்போது இந்தியருக்கும் பாராளுமன்றத்தில் ஒரு தனி அவை தந்திருக்கிறோம், கறுப்பரை மறந்துவிடுங்கள் என்று ஆசை காட்டுவதும், எல்லாவற்றையும் அவர் அமைதியாகச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். சாப்பாடு முடிய, நான் எதிர்பார்த்தபடியே கிளாக்கர் அண்ணை கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

“தம்பியின்ர ஆக்கள் இந்தியாவில எந்த ஊர்?”

“தெரியாது. மெட்ராசில் கப்பல் ஏறினார்கள். கரும்புத் தோட்டத்துக்கு.”

“ஊர் இல்லாமலோ? எவடம் எண்டு கேளும்.”

கேட்டேன். மாணவர் சிரித்தார். “எங்களுக்குக் கப்பலின் பெயர்தான் தெரியும். அதற்கு முன்னால் ஒன்றும் தெரியாது.”

“கோயில், குலதெய்வம்?”

“எல்லாருக்கும் ஒரே கோயில். டின் கூரை போட்டது.”

கிளாக்கர் அண்ணை இன்னும் இரண்டு பக்கத்தால் முயன்று பார்த்தார். பிறகு தோற்றுப்போய், “பாவம் பொடியன்,” என்று என்னிடம் சொல்லிவிட்டு, மாணவருடைய தோளில் தட்டினார். என் கூட்டாளி வெறும் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகில் நின்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு கூர்மையை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அடுத்த நாள் காலையில் இரண்டாவது சட்டி அடுப்பில் இருந்தது.

அவன் முதலில் அறை மாறப் பார்த்தான். ஹைமுக்குப் பொறுப்பானவரிடம் மொழிபெயர்க்க நான் போனேன். கீழ்த்தளத்தில் எரித்திரியரோடு ஒரு கட்டில் காலி, அதைக் கேட்டான்.

“ஏன்? மேலே இருப்பவர்கள் எல்லாம் தமிழர்கள்தானே, உங்கள் சொந்த ஆட்கள்,” என்றார் அவர். உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. நான் வாயைத் திறந்தேன்.

“சொல்லாதை,” என்றான் என் கூட்டாளி, சிரித்த முகத்தோடு, தமிழில்.

“என்ன சொல்கிறார்?”

“மேலே எல்லோரும் குறட்டை விடுகிறார்களாம்,” என்றேன்.

பொறுப்பாளர் சிரித்துவிட்டு, கீழே இன்னும் மோசம் என்றார். அவ்வளவுதான். பழக்கார அம்மாவிடம் சொல்லலாம் என்று கெஞ்சினேன். அதற்கும் விடவில்லை. “அவ நல்லவ. நல்லவ எண்டபடியால் எல்லாரையும் கூப்பிட்டு வைச்சுக் கதைப்பா,” என்றான். சரிதான். அவர் கதைத்தே இருப்பார். அந்த மனுசியிடம் உலகத்தின் அநியாயங்களைப் பற்றி மணிக்கணக்காகக் கதைத்தேன், என் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்ததைப் பற்றி ஒரு வசனமும் கதைக்க முடியவில்லை.

குளிர்காலத்தில் அவன் என்னிடம் அந்தச் சிறுபுத்தகங்களைக் கேட்டான். எனக்கு எவ்வளவு சந்தோசம்! கடைசியில் ஒருவனாவது வாசிக்க வந்தானே. இருந்ததையெல்லாம் கொடுத்தேன். டேர்பனில் எந்தப் பக்கம் இந்தியர் இருப்பார்கள், பஸ்ஸில் எங்கே ஏறுவார்கள், சந்தையில் என்ன விற்கும், கடற்கரையில் எது வரைக்கும் போகலாம் என்றெல்லாம் கேட்டான். தெரியாததை அந்த மாணவருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்கச் சொன்னான். நானும் கேட்டுச் சொன்னேன். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரிப் படித்தான்.

ஹைம் நிரம்பி வழிந்தபோது, கிழக்கு ஜேர்மன் எல்லைக்குக் கிட்ட மலையடிவாரத்தில் ஒரு சிறு நகரத்துக்குச் சிலர் போகலாம் என்று அறிவித்தார்கள். அங்கே தமிழர் ஒருவரும் இல்லை, பனி கூட, பஸ் குறைவு. அவன் கையைத் தூக்கினான். பஸ் தரிப்பிடத்தில் நான் அவனோடு சண்டை பிடித்தேன். “நீ போனால் அவையள் வெண்டமாதிரி,” என்றேன். “நான் அவையளோட போட்டிக்கு வரேல்லை மச்சான்,” என்றான். சால்வையைச் சுற்றிக்கொண்டு ஏறிவிட்டான்.

அந்தக் கிழமையே இரண்டாவது சட்டி காணாமல் போனது. கிளாக்கர் அண்ணையின் வயிறு சுகமாகிவிட்டது. பேணிகள் ஒரே தட்டில் கலந்து கிடந்தன. ஒருவரும் அறிவிக்கவில்லை, எவரும் கொண்டாடவில்லை. எழும்பிய மாதிரியே விழுந்தது, சத்தமில்லாமல். சமையல் மட்டும் வாயில் வைக்க முடியாதபடி இருந்தது. “அவன்ர பருப்பு,” என்று கடைக்கார அண்ணை ஒருநாள் தொடங்கிவிட்டு, பிறகு நிறுத்திக்கொண்டார்.

அவனைப் போய்ப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை. அது வேறு மாவட்டம். தென்னாபிரிக்காவில் கறுப்பர்கள் சுமந்து திரிந்த அடையாளப் புத்தகச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள் என்று மேசையில் எங்களுக்குச் செய்தி வந்திருந்தது. ஆனால் பக்கத்து மாவட்டத்துக்குப் போக என் கையில் கடதாசி வேண்டும். இரண்டும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும். என்னை யாரும் சுடமாட்டார்கள். ஆனாலும் ரயில் மேடையில் நின்று போகிற ரயில்களைப் பார்த்தால் அந்த வித்தியாசம் பெரிய ஆறுதலாக இருக்கவில்லை. தொலைபேசிக் கூண்டிலிருந்து கதைப்போம். முதலில் கலகலப்பாகக் கதைத்தான். பிறகு ஒரு கட்டத்தில் அவனுடைய தமிழ் மெலியத் தொடங்கியது. நான் கேட்டதற்கு “ஆமா,” என்றான். ‘ஓம்’ என்கிற எங்கள் வாயில் வராத ‘ஆமா’. பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள் போல என்று நினைத்தேன்.

எண்பத்தொன்பதின் கடைசியில் எல்லாம் ஒன்றாக நடந்தன. எனக்கு அகதி அந்தஸ்து கிடைத்தது, எங்கும் போகலாம். அதே இலையுதிரில் பேர்லின் மதிலும் திறந்தது. கிழக்கிலிருந்து புகை கக்கும் சின்னக் கார்கள் வரிசையாக எங்கள் நகரத்துக்குள் வந்தன. அந்தச் சனங்கள் சந்தையில் வாழைப்பழத்தையும் தோடம்பழத்தையும் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். ஒரு கிழவர் தோடம்பழத்தை வாங்கிய இடத்திலேயே உரித்து, சாறு கையால் வழிய, அழுதுகொண்டு சாப்பிட்டார். பழக்கார அம்மா துண்டுப்பிரசுரத்தை நீட்டப் போய் நிறுத்திக்கொண்டார். “இவர்களிடம் நான் இதை எப்படிச் சொல்வேன்?” என்று என்னைக் கேட்டார். அன்றைக்கு நாங்கள் மேசையை நேரத்தோடு மடித்தோம்.

நான் ரயிலேறி அவனிடம் போனேன். வண்டிக்குள் நிற்க இடமில்லை, எல்லோரும் யாரோ ஒருவரைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்கள். அவன் மேடையில் நின்றான். தலைமயிர் குட்டையாக வெட்டியிருந்தான். கட்டிப் பிடித்தவுடனே காதுக்குள் வேகமாகச் சொன்னான்:

“இஞ்ச இப்ப எங்கட ஆக்கள் ஒரு குடும்பம் வந்திருக்கு. அவை என்னை டேர்பன்காரன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கினம். நீ என்ர சிலோன் கூட்டாளி. கெதியில விளங்கிக்கொள்.”

நான் விளங்கிக்கொண்டேன். அந்தச் சிறுபுத்தகங்கள் எல்லாம் எங்கே போனதென்று அப்போதுதான் விளங்கியது.

அந்த வீட்டில் புருசன், பெண்சாதி, ஒரு சின்ன மகள். யாழ்ப்பாணத்துக் குடும்பம். மேசையில் இடியப்பமும் சொதியும். மகள் அவனுடைய மடியில் ஏறி இருந்தாள். அவனுக்கென்று தனிப் பீங்கான் இல்லை. அந்தப் பிள்ளை அவனுடைய பீங்கானிலிருந்தே பிய்த்துச் சாப்பிட்டது. “டேர்பன் அண்ணை இல்லாட்டி நாங்கள் இஞ்ச தனிச்சுச் செத்திருப்பம்,” என்றார் பெண்சாதி. “பாவம், அவையளுக்கு ஊர் எவடம் எண்டும் தெரியாதாம். கப்பலில வந்த சனமாம். எவ்வளவு கஷ்டம் அனுபவிச்சிருக்கினம்!” அவன் தலையைக் குனிந்து, “ஆமா, ஆமா,” என்றான், உடைத்த தமிழில். என்னோடு விடிய விடியப் பகிடி விட்டவன், சொற்களைத் தேடுவது போல நடித்துக்கொண்டிருந்தான். அந்த நடிப்பில் ஒரு பிழையும் இல்லை. நான் என் சொதியைத் தள்ளி வைத்தேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தொலைக்காட்சியில் செய்தி. மதிலைக் காட்டினார்கள், காட்டினார்கள், பிறகு தென்னாபிரிக்கா. கடற்கரைகளை இனி எல்லோருக்கும் திறந்துவிடுவதாக அந்த நாட்டு ஜனாதிபதி அறிவித்திருக்கிறார். புருசன்காரர் கையைத் தட்டினார்.

“அண்ணை! உங்கட கடல்! இனி எல்லாம் விழுந்திடும் பாருங்கோ. நீங்கள் வீட்ட போகலாம். போகேக்க நாங்கள் பெரிய பார்ட்டி வைப்பம்.”

“அப்ப எங்களையும் கூப்பிடோணும், டேர்பனுக்கு,” என்றார் பெண்சாதி.

அவன் சிரித்தான். பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டான். பிறகு என்னைப் பார்த்தான்.

திரும்பி வரும்போது ரயில் நிலையத்துக்கு நடந்தோம். பனி கொட்டத் தொடங்கியிருந்தது. தனியே வந்தவுடன் அவனுடைய பழைய தமிழ் திரும்பி வந்தது. குளிரில் இருந்து உள்ளே வந்தவனுக்குக் கை விறைப்பு விடுவது போல, மெல்ல மெல்ல.

“நீ எல்லாம் வாசிக்கிறனி. சொல்லு. உண்மையா விழுமோ?”

“என்ன?”

“அங்க. அந்தச் சட்டமெல்லாம்.”

நான் நாலு வருடமாக மழையிலும் பனியிலும் மேசைக்குப் பின்னால் நின்றவன். அந்த ஆட்சி விழவேண்டும் என்று யாருக்கும் குறையாமல் விரும்பியவன். விழப்போகிறது என்று பேப்பர்கள் எழுதின, பழக்கார அம்மா சொன்னார், எனக்கும் தெரியும். சிறையில் இருக்கும் அவர்களுடைய தலைவரை இன்றைக்கோ நாளைக்கோ விடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது.

“விழுந்தால் எனக்குப் போக ஊர் ஒண்டு இருக்கெண்டெல்லோ இவை நினைப்பினம்,” என்றான். “போகாட்டி ஏன் போகேல்லை எண்டு கேப்பினம். பிறகு தொடங்கும். அந்தப் பிள்ளை என்ர பீங்கானில சாப்பிடுறதைப் பாத்தனி எல்லே?”

“பாத்தனான்.”

“எவ்வளவு காலம் எடுக்கும்?”

ரயில் வந்து நின்றது. கதவுகள் திறந்தன. பெட்டி முழுக்கத் தோடம்பழப் பைகளோடு சனம், எல்லையில் பழம் வாங்கிக்கொண்டு இன்னும் மேற்கே போகிற கிழக்குக்காரர், சிரிப்பும் பாட்டும்.

“கெதியில இல்லை மச்சான்,” என்றேன். “இப்போதைக்கு விழாது.”

அவன் என் தோளைப் பிடித்து ஒருமுறை அழுத்தினான். “சரி,” என்றான். நான் ஏறிக் கதவு மூடிய பிறகும் அவன் மேடையிலேயே நின்றான். பக்கத்தில் நின்ற ஒரு கிழக்குக்காரி என்னைப் பார்த்துச் சிரித்து, பையிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து என் கையில் வைத்தாள். அதில் ஒட்டியிருந்த சின்ன முத்திரையில் தென்னாபிரிக்கா என்று எழுதியிருந்தது. நான் வாசித்தேன். அவள் சாப்பிடச் சொல்லிச் சைகை காட்டினாள். உரிக்கத் தொடங்கினேன்.